டர்போவா, என்.ஏ.வா? தாப்பா மலைச்சாலையில் வைத்துப் பேசுவோம்

மலேசியாவின் பீடோரிலிருந்து ஒரு தம்பி கேட்டது, 2 ஜூன் 2024

"அண்ணே, ஹோண்டா சிவிக் டைப் ஆர்கூட டர்போவுக்குப் போய்விட்டது. ஃபெராரி, போர்ஷே எல்லாம் போய்விட்டன. டர்போ இல்லாமல் தானாகக் காற்றை இழுக்கிற 2.0 லிட்டர் என்.ஏ. கொடுக்கிற சக்தியை 1.5 டர்போ பாதி சத்தத்தில் கொடுக்கிறது. இன்னும் என்.ஏ., என்.ஏ. என்று பேசுகிறவர்கள் பழைய ஞாபகத்தில் இருக்கிறார்கள். நான் ஒரு பழைய காடி (கார்) வாங்கி வாரக்கடைசியில் கேமரன் மலைக்கு ஓட்டப் போகிறேன். டர்போ இல்லாததை வாங்க ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் பார்ப்போம்."

2 ஜூன், இரவு

முதலில் உன் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. 2007-இல் வந்த எஃப்.டி.2 டைப் ஆர், 2.0 லிட்டர், டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் (ஆர்.பி.எம்.) 225 குதிரைசக்தி. இழுவை 215 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,100-க்குப் போனால்தான் முழுசாகக் கிடைக்கும். 2015-இல் வந்த எஃப்.கே.2, அதே 2.0 லிட்டர், டர்போ. 310 குதிரை, 400 நியூட்டன் மீட்டர், 2,500-லேயே வந்து நிற்கும். நம் ரோட்டேக்ஸ் சி.சி. கணக்கில் போடுவது. பழைய இஞ்சின் 1,998 சி.சி., 379 வெள்ளி (ரிங்கிட்). டர்போ இஞ்சின் 1,996 சி.சி., 378 வெள்ளி. ஒரு வெள்ளி குறைவாகக் கட்டிவிட்டு 85 குதிரை கூடுதலாக வாங்குகிறாய். எண்களை மட்டும் வைத்துப் பேசினால் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது.

ஆனால் நீ கேட்டது கேமரன் மலைக்கு ஓட்ட. பழைய காடி வேறு. இந்த இரண்டும் சேர்ந்தால் கணக்கு மாறும். நாளை எழுதுகிறேன், பட்டறையில் இன்னும் ஒரு கிளட்ச் பாக்கி இருக்கிறது.

3 ஜூன்

இஞ்சினுக்குச் சாப்பாடு காற்று. பெட்ரோல் எவ்வளவு வேண்டுமானாலும் பம்ப் அடித்து உள்ளே தள்ளலாம், காற்றைத்தான் அப்படி எளிதாகத் தள்ள முடியாது. என்.ஏ. இஞ்சின் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை வைத்துப் பிழைக்கிறது. டர்போ, வெளியே போகிற எக்ஸாஸ்ட் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூஹி 1905-இலேயே இதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். வீணாகப் போகிற சூட்டிலிருந்து வேலை வாங்குகிற அருமையான யோசனை. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

காற்றை அமுக்கினால் அது சூடாகும். மலையடிவாரத்துத் தாப்பாவில் மத்தியானம் வெளியே 33 டிகிரி என்று வை. ஒரு பார் பூஸ்ட், அதாவது காற்றழுத்தம் இரண்டு மடங்கு. காற்றை அமுக்குகிற அந்தச் சக்கரம், அதாவது கம்ப்ரெஸர், நூற்றுக்கு எழுபது பங்கு திறமையாக வேலை செய்தால்கூட அந்தப் பக்கம் வெளியே வருகிற காற்று 130 டிகிரியைத் தொடும். தண்ணீர் கொதிப்பதைவிடச் சூடு. அதை ஆற்றத்தான் இண்டர்கூலர். ஆனால் இண்டர்கூலர் வெளிக்காற்றை வைத்துத்தான் ஆற்ற முடியும், 33-க்குக் கீழே அது கொண்டுபோகாது. காடி மெதுவாகப் போனால் 33-க்குப் பக்கத்தில்கூடப் போகாது.

சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் வரும். ஸ்பார்க் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கப் பார்க்கும். இஞ்சினை நடத்துகிற கணினியான இப்போதைய ஈ.சி.யு. அதைக் காதால் கேட்கிற மாதிரி கேட்டு, ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், பூஸ்ட்டைக் குறைக்கும். இஞ்சின் பிழைத்துக்கொள்ளும், குதிரை குறையும். நீ காசு கொடுத்து வாங்கிய 310, நம் ஊர் வெயிலில் மூன்றாவது நான்காவது வளைவுக்கு மேல் 310 ஆக இருக்காது.

என்.ஏ.வும் வெயிலில் கொஞ்சம் இழக்கும், இழக்காது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அது தன் சாப்பாட்டைத் தானே சூடாக்கிக்கொள்வதில்லை. முதல் வளைவில் எப்படி இழுத்ததோ கடைசி வளைவிலும் கிட்டத்தட்ட அப்படியே இழுக்கும்.

4 ஜூன்

கம்பாரிலிருந்து ஒரு நண்பர், "கம்பெனிக்காரன் பாலைவனத்தில் சோதித்துத்தான் காடியை விற்கிறான், வெயில் எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்கிறார். புதுக் காடிக்குச் சரி. தம்பி கேட்டது பழைய காடி. இருபது வருடம் ஓடிய இண்டர்கூலரின் இறக்கைகளுக்குள் எவ்வளவு மண், எவ்வளவு பூச்சி, எத்தனை இடத்தில் கல் பட்டு மடங்கியது என்று கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோதித்த கம்பெனி அதைச் சோதிக்கவில்லை.

8 ஜூன்

இரண்டு நாளாகக் குதிரை எண்ணையே எல்லாரும் பேசுகிறார்கள். இழுவையைப் பேசுவோம், அதுவும் நம் ஊர்க் காடியை வைத்தே.

புரோட்டோன் கேம்புரோ 1.6. சி.பி.எஸ். என்கிற என்.ஏ. வகை 125 குதிரை, 150 நியூட்டன் மீட்டர், 4,500 ஆர்.பி.எம்.மில். சி.எஃப்.இ. என்கிற டர்போ வகை 138 குதிரை, 205 நியூட்டன் மீட்டர், 2,000-லிருந்து 4,000 வரை சமமாக. குதிரையில் பத்துக்கு ஒன்று வித்தியாசம். இழுவையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அதுவும் பாதி ஆர்.பி.எம்.மில். குடும்பத்தோடு ஏர்கான் போட்டு மலை ஏறுகிறவருக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. கியரைக் கீழே போடாமல் பேச்சை நிறுத்தாமல் ஏறிவிடலாம். என் அண்ணி அப்படித்தான் ஏறுகிறார், அவருக்கு நான் என்.ஏ. வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தம்பி ஓட்டப் போவது வேறு மாதிரி. லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு மேலே வலதுபக்கம் மடங்குகிற ஒரு வளைவை நினைத்துப் பார். இரண்டாவது கியர். பிரேக்கை விட்டாய், மூக்கு உள்ளே திரும்பிவிட்டது, இப்போது காலை மெல்ல வைக்கிறாய். என்.ஏ.வில் கால் ஒரு அங்குலம் இறங்கினால் ஒரு அங்குலத்துக்கு உண்டான இழுவை அந்த நிமிஷமே சக்கரத்துக்குப் போகும். இன்னும் அரை அங்குலம் என்றால் இன்னும் அரை. பழைய டர்போவில் கால் இறங்கும், ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் இறக்குவாய், அப்புறம் எல்லாம் மொத்தமாக வரும். ஸ்டீயரிங் இன்னும் முழுதாக நேராகவில்லை, முன்சக்கரம் இழுபடுகிறது, எதிரே கோஸ் ஏற்றிய லோரி இறங்கி வருகிறது. அந்த இடத்தில் எனக்கு 205 வேண்டாம், 150 போதும். ஆனால் கேட்கும்போது வர வேண்டும்.

இங்கே இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். 1,800 ஆர்.பி.எம்.மில் அழுத்தினால் வரவில்லை என்பது லாக் இல்லை. டர்போவைச் சுற்ற அந்த ஆர்.பி.எம்.மில் எக்ஸாஸ்டே போதாது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. 4,000-இல் இருக்கும்போது காலை எடுத்துத் திரும்ப வைத்தால் வரத் தாமதமாகிறதே, அதுதான் லாக். முதலாவதைக் கியர் மாற்றித் தப்பிக்கலாம். இரண்டாவதைத் தப்பிக்க முடியாது, வளைவில் வந்து மாட்டுவதும் அதுதான். 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போ பலரைச் சாலையை விட்டு வெளியே தள்ளியதற்கு இது முக்கியமான காரணம். பின்னால் தொங்குகிற இஞ்சின், 260 குதிரை, வளைவின் பாதியில் வந்து சேர்கிற பூஸ்ட்.

9 ஜூன்

இன்று டர்போவின் பக்கம் நின்று பேச வேண்டிய நாள். நேற்று எழுதியதை மட்டும் படித்துவிட்டுப் போனால் முழு உண்மை கிடைக்காது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல். பிரிஞ்சாங் போனால் 1,500 தாண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். மேலே குளிர், அதனால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகும், அந்த லாபத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் என்.ஏ. இஞ்சினுக்குக் கிடைக்கிற காற்று சுமார் 12 விழுக்காடு குறைவு. புரோட்டோனின் என்.ஏ. காடி சத்ரியா ஜி.டி.ஐ.யில் ஏறக்குறைய 140 குதிரை. தாப்பா சந்தையிலிருந்து கிளம்பும்போது 140, பிரிஞ்சாங் போய்ச் சேரும்போது 123 பக்கம். ஏறுகிறபோதுதான் சக்தி வேண்டும், ஏற ஏறத்தான் அது குறைகிறது.

டர்போவுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. மிச்ச எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் வெளியே விடுகிற கதவு, வேஸ்ட்கேட், இன்னும் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும், உள்ளே வேண்டிய அழுத்தம் வந்துவிடும். விமானத்துக்கு டர்போ பூட்டியதே இதற்காகத்தான். 1918-இல் சான்ஃபர்ட் மாஸ் என்கிற அமெரிக்க இஞ்சினியர் லிபர்ட்டி விமான இஞ்சினை கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, 4,300 மீட்டருக்கு, லோரியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினார். கீழே 350 குதிரை கொடுத்த இஞ்சின் உச்சியில் 230-க்கு விழுந்தது. டர்போவைப் பூட்டியதும் மறுபடி 350-க்கு மேலே போய்விட்டது. டர்போ தன்னை நிரூபித்த இடமே ஒரு மலை. கேமரன் மலைக்கு டர்போ எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

வழியில் வருகிற ரிங்லெட் ஊருக்கு மேலே டர்போ, அதற்குக் கீழே, வெக்கையில், என்.ஏ. என்று பிரித்துக் கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

11 ஜூன்

இல்லை, அப்படிப் பிரிக்க முடியாது. மேலே போனால் குளிர்ச்சியால் இண்டர்கூலருக்கும் லாபம். ரிங்லெட்டைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் டர்போவுக்குத்தான் சாதகம். என் பேச்சு கீழ்ப்பாதியைப் பற்றியது, வளைவு அதிகமும் சூடு அதிகமும் அங்கேதான்.

18 ஜூன்

ஹஜ்ஜுப் பெருநாள் லீவு. ரிங்லெட்டுக்குக் கீழே வண்டி நகரவில்லை. பட்டறைக்கு வருகிற ஒருவரின் டர்போ ஹேட்ச்பேக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் காடியில் இஞ்சினின் அளவுகளைக் காட்டுகிற ஓ.பி.டி. ரீடர் மாட்டி வைத்திருக்கிறார். உள்ளே போகிற காற்றின் சூடு 40, 45 என்று ஏறி, ஜாமில் நிற்க நிற்க 60-ஐத் தாண்டிவிட்டது. இஞ்சின் பெட்டிக்குள் இருக்கிற எல்லாச் சூட்டையும் இண்டர்கூலர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வழி விட்டதும் அவர் அழுத்தினார். காடி சோம்பலாக நகர்ந்தது. இரண்டு மூன்று கிலோமீட்டர் நல்ல காற்று அடித்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தது.

ஜாமில் என்.ஏ.வின் காற்றும் சூடாகும். ஆனால் அங்கே சூடாவது ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஃபில்டர் பெட்டியும்தான். நகர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். இண்டர்கூலர் என்பது கிலோக்கணக்கில் அலுமினியம்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரியில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால், காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு வெறும் நீராவி. அந்த இடத்தில் ஆக்ஸிஜன் இல்லை. ஜப்பானில் அளந்த குதிரையை இங்கே தேடுகிறவர்கள் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வகைக்கும் பொது.

20 ஜூன்

சூப்பர்சார்ஜரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர். விடவில்லை. அது பெல்ட்டில் கிராங்கிலிருந்தே ஓடுகிறது, அதனால் காத்திருக்க வேண்டாம், காலோடு வரும். டொயோட்டாவின் 4ஏ-ஜி.இசட்.இ. இஞ்சின், 2002-இலிருந்து 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ், இரண்டும் ஓட்ட அவ்வளவு சந்தோஷம். ஆனால் காற்றை அமுக்க இஞ்சின் தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். பெட்ரோல் குடிக்கும். சூட்டுப் பிரச்சினை அதற்கும் உண்டு. நம் பக்கத்தில் அதன் பாகம் தேடி அலைய முடியுமென்றால் வாங்கலாம்.

27 ஜூன்

தம்பி ஒரு ஹாஃப் கட் இஞ்சின், அதாவது வெட்டிக் கொண்டுவந்த பழைய காடியின் இஞ்சின், படம் அனுப்பியிருக்கிறான். டர்போ, "ஜப்பான் ஒரிஜினல், 100 விழுக்காடு கண்டிஷன்" என்று எழுதியிருக்கிறது. படத்தில் டர்போவின் வாய் துடைத்துப் பளபளவென்று இருக்கிறது. துடைத்த டர்போவை நான் நம்ப மாட்டேன்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். காற்று நுழைகிற ரப்பர் குழாயைக் கழற்று. உள்ளே அலுமினியச் சக்கரம் தெரியும், நடுவில் ஒரு நட்டு. அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. கொஞ்சம் ஆடும், ஆடத்தான் வேண்டும். அந்தத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுவது, எண்ணெய் இல்லாதபோது அந்த இடைவெளி விரலுக்குத் தெரியும். இப்போது உள்ளே வெளியே தள்ளிப் பார். அந்தப் பக்கம் ஆட்டம் தெரியவே கூடாது. தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தின் இறக்கை முனைகள் சுவரில் உரசிய தடம் இருக்கிறதா, டார்ச் அடித்துப் பார். கடைசியாக இண்டர்கூலருக்குப் போகிற குழாயின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவு. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பரவாயில்லை. விரல் நனைந்து சொட்டினால் பேரத்தை அங்கேயே நிறுத்து.

இதில் ஒரு கடுப்பும் எனக்கு உண்டு. ஒரு ஹாஃப் கட் கடையில் வாங்கிய டர்போவை ஒரு வாடிக்கையாளருக்காகப் பூட்டினேன். எண்ணெய் வருகிற குழாயின் துவாரம் கருகிய எண்ணெயால் பாதி அடைத்துக் கிடந்தது. கடைக்காரர், "பூட்டும்போது நீங்கள் ஏதோ செய்துவிட்டீர்கள்" என்று கைகழுவிவிட்டார். கருகிய எண்ணெய் ஒரே நாளில் கல்லாகாது. யாரோ அந்தக் காடியை வருடக்கணக்கில் விரட்டி ஓட்டி, நிறுத்தியதும் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் 900 டிகிரி வரை போகும். இஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே இருக்கிற எண்ணெய் அங்கேயே வேகும்.

எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகிற லோரி மாமா ஒருவர் இருந்தார். ஆலை வாசலில் நிறுத்தியதும் அணைக்க மாட்டார். இறங்கி, டயரைத் தட்டிப் பார்த்து, கிராணியிடம் (எழுத்தரிடம்) சீட்டு வாங்கி, அப்புறம்தான் ஏறி அணைப்பார். அவ்வளவு நேரமும் லோரி ஓடிக்கொண்டே இருக்கும். டீசல் வீணாகிறதே என்று சின்ன வயசில் கேட்டேன். "டர்போ ஆறணும்டா" என்றார். அந்த லோரியின் டர்போவை அவர் ஓட்டின காலம் முழுவதும் யாரும் கழற்றியதில்லை.

பழைய டர்போ வாங்குகிறவன் முன்னால் ஓட்டினவனின் பழக்கத்தையும் சேர்த்து வாங்குகிறான். பழைய என்.ஏ.விலும் அது உண்டு, ஆனால் அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரெஷன் டெஸ்டர் ஒன்று போதும், பெரும்பாலும் உண்மை வெளியே வந்துவிடும்.

30 ஜூன்

"என்.ஏ. பிடிக்கிறது என்பது வெறும் சத்தத்துக்காகத்தான்" என்று ஈப்போவிலிருந்து ஒருவர். சத்தத்துக்காகவும்தான், அதில் என்ன தவறு? செப்பாங்கில் 1999-லிருந்து 2017 வரை ஃபார்முலா 1 நடந்தது. வி10 இஞ்சின் நாட்களில் புல்மேட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 3.0 லிட்டர், டர்போ இல்லை, கார் நேர்ப்பாதையில் வரும்போது காதில் இல்லை, விலா எலும்பில் கேட்கும். 2014-இல் 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தபோது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தது.

ஆனால் அந்த அமைதியான இஞ்சின்தான் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வேலையாக மாற்றியது. மெர்சிடிஸ் 2017-இல் சோதனை மேடையில் 50 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டியது. சாதாரணப் பெட்ரோல் இஞ்சின் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தாலே பெரிய விஷயம். எக்ஸாஸ்டில் போகிற சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் அந்த இடத்துக்குப் போயிருக்கவே முடியாது.

பந்தயத்தில் டர்போ ஜெயிப்பது புதிதில்லை. ரெனோ 1977-இல் டர்போவோடு வந்தது, அடிக்கடி புகைவிட்டு நின்றது, 1979-இல் டிஜோனில் ஜெயித்தது. 1988-இல் பூஸ்ட்டையும் பெட்ரோலையும் விதி போட்டுக் குறைத்தும் மெக்லாரன்–ஹோண்டா 16 பந்தயத்தில் 15 ஜெயித்தது. அடுத்த வருடமே டர்போவைத் தடை செய்தார்கள். நம் நாட்டுக்காரர் கராம்ஜிட் சிங் 2002-இல் புரோடக்‌ஷன் கார் உலக ராலிப் பட்டம் வாங்கியதும் டர்போ காடியில்தான், புரோட்டோன் பெர்ட். மண் ரோட்டில், சக்கரம் வழுக்கிக்கொண்டே இருக்கிற இடத்தில், கீழ் ஆர்.பி.எம்.மிலிருந்தே இழுவை வேண்டும். அங்கே போய் என்.ஏ. என்று நான் சொல்ல மாட்டேன்.

3 ஜூலை

நேற்று ஒரு பழைய கரோலா வந்தது. என்.ஏ. இஞ்சின், 4ஏ-ஜி.இ. இருபது வால்வு, பிளாக் டாப். 1.6 லிட்டர், 165 குதிரை, கம்ப்ரெஷன் 11. நாலு சிலிண்டருக்கு நாலு தனித்தனி த்ராட்டில். ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் நாலு வாயும் வரிசையாகத் தெரியும். கேபிளைக் கையால் இழுத்தேன், நாலு தகடும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடின. வால்வுக்கும் அந்தத் தகடுக்கும் நடுவில் ஒரு கைப்பிடி நீளம்கூட இல்லை. காலுக்கும் வெடிப்புக்கும் இடையில் காற்று நிரப்ப வேண்டிய இடம் அவ்வளவுதான். டர்போவில் அதே காற்று கம்ப்ரெஸர், குழாய், இண்டர்கூலர், மறுபடி குழாய், த்ராட்டில் எல்லாம் தாண்டி வர வேண்டும்.

அமுக்கித் தள்ள வழியில்லாதபோது அந்த இஞ்சினியர்கள் வேறு எல்லா வழியும் தேடினார்கள். ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, குழாயின் நீளத்தை அளந்து காற்றலையின் வேகத்தோடு பொருத்துவது, லேசான பிஸ்டன். ஹோண்டா எஸ்2000, 1999-இல், 2.0 லிட்டரில் 250 குதிரை, 8,300 ஆர்.பி.எம்.மில். ஃபெராரி 458, 4.5 லிட்டரில் 570 குதிரை, 9,000-இல். அடுத்து வந்த 488 டர்போவில் 3.9 லிட்டரிலேயே 670. அது வேகம், சந்தேகமில்லை. ஆனால் 458-இன் இஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்தால் ஒவ்வொரு பாகத்திலும் ஒருவர் உட்கார்ந்து யோசித்தது தெரியும். இதைக் கண்டு நான் மயங்குகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

சரி, தம்பிக்கு நான் உண்மையில் சொல்ல வந்ததை இப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிகிறது. நம் மலைச்சாலையில் 400 நியூட்டன் மீட்டரை முழுசாகத் திறந்தால் இரண்டு விநாடிகூடத் தாங்காது, அடுத்த வளைவு வந்துவிடும். மீதி நேரமெல்லாம் இருக்கிற சக்தியைப் பிடித்து வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். 140 குதிரை என்.ஏ.வை இரண்டாவது, மூன்றாவது கியரில் 7,000 வரை கொண்டுபோய், மாற்றி, மறுபடி கொண்டுபோய், அதன் முழுசையும் அந்தச் சாலையிலேயே வாங்கலாம். யாரையும் பயமுறுத்தாத வேகத்தில் வாங்கலாம். நீ ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் முழுசாகப் பயன்படுத்தக்கூடிய இஞ்சின்தான் வேண்டும்.

5 ஜூலை

இறங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மலையில் பிரேக் கருகுவது இறங்கும்போதுதான். கியரைக் கீழே போட்டுக் காலை எடுத்தால் இஞ்சின் பிடிக்கும், 1.8, 2.0 என்.ஏ. நன்றாகவே பிடிக்கும். 1.0, 1.5 டர்போ சின்ன இஞ்சின், பூஸ்ட் இல்லாதபோது அது வெறும் 1.0 தான், பிடிப்பும் அவ்வளவுதான். சின்ன டர்போ வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு கியர் கீழே போட்டு இறங்குங்கள்.

10 ஜூலை

காசுப் பேச்சு. ஒரேயடியாக என்.ஏ. பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று திட்டுகிறவர்களுக்காக.

ரோட்டேக்ஸ் சி.சி.யில் இருக்கிறவரை டர்போவுக்குத்தான் லாபம். பெரொடுவா அத்திவா 1.0 டர்போ, 20 வெள்ளி. அதே கம்பெனியின் மைவி 1.5 என்.ஏ., ஏறக்குறைய அதே இழுவை, 90 வெள்ளி. டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ் 1.6 டர்போ என்றாலும் உண்மையில் 1,618 சி.சி., அந்தப் பதினெட்டால் 90-ஐத் தாண்டி 207 வெள்ளிக்கு ஏறிவிடும். ஜி.ஆர்.86, 2.4 லிட்டர் என்.ஏ., 767 வெள்ளி. இத்தனைக்கும் யாரிஸில்தான் குதிரை அதிகம். 3.0 லிட்டர் என்.ஏ. என்றால் 2,130, அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

இன்னொன்று. பெரொடுவாவின் குட்டிக் காடி கெலிசாவில் டைஹட்சு ஜே.பி.-டி.இ.டி. இஞ்சின் போடுகிறார்களே, 659 சி.சி., நாலு சிலிண்டர், இரட்டை கேம், டர்போ, 64 குதிரை. காடி முக்கால் டன் சுமார்தான். அந்தக் குட்டி டர்போ சீக்கிரம் சுற்றிவிடும், இருக்கிற சக்தியை முழுசாக மலையிலேயே பயன்படுத்தலாம். நான் மேலே சொன்ன நியாயம் அப்படியே அதற்கும் பொருந்தும், டர்போவாக இருந்தாலும். பொருந்துகிற இடத்தில் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒழுங்காகச் செய்த ஒரு கெலிசா டர்போ கிடைத்தால், மோசமாகக் கிடந்த ஒரு சத்ரியாவைவிட அதையே எடுக்கச் சொல்வேன்.

ஒழுங்காக என்றால் பிரேக்கும் மாற்றியிருக்க வேண்டும். இஞ்சின் மாற்றியதைப் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் சோதித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பதிந்திருக்க வேண்டும், இன்சூரன்ஸிலும் சொல்லியிருக்க வேண்டும். பதியாத இஞ்சினோடு மோதினால் இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

14 ஜூலை

தம்பி இரண்டு காடி பார்த்திருக்கிறான். ஒன்று கம்பாரில், சத்ரியா ஜி.டி.ஐ., பெயின்ட் போயிருக்கிறது, இஞ்சின் திறக்கவில்லை என்கிறார்கள். இன்னொன்று தெலுக் இந்தானில், கெலிசா ஜே.பி. டர்போ, பூஸ்ட் மீட்டர், பெரிய இண்டர்கூலர், நாலைந்து ஸ்டிக்கர். விலை கிட்டத்தட்ட ஒன்று.

போய்ப் பார்க்கும்போது இதைச் செய். இரண்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடு, இஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. குளிர்ந்த இஞ்சினை நீயே ஸ்டார்ட் பண்ணு. சத்ரியாவில் முதல் அரை நிமிடம் டிக் டிக் என்று வால்வு சத்தம் வந்து நின்றால் பயப்படாதே, நிற்காமல் இருந்தால் யோசி. நீளமான இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, கீழே வந்து திரும்ப அழுத்தும்போது கண்ணாடியில் நீலப் புகை வருகிறதா பார். கெலிசாவில் நான் சொன்ன விரல் சோதனை. பூஸ்ட் மீட்டர் முள்ளை நம்பாதே. எந்த ஈ.சி.யு., யார் டியூன் பண்ணினது, எந்தப் பெட்ரோலுக்கு டியூன் பண்ணினது என்று கேள். ரோன் 97 பெட்ரோலுக்கு டியூன் பண்ணிய டர்போவில் அதைவிடக் குறைந்த தரமான ரோன் 95 ஊற்றி மத்தியானத்தில் மலை ஏறினால் பிஸ்டனைத்தான் கேட்கும்.

இரண்டின் இஞ்சின் எண்ணையும் படம் எடுத்து அனுப்பு, கிராண்டில் (காடியின் பதிவுப் பத்திரத்தில்) இருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஞாயிறு காலை பட்டறை திறந்திருக்கும், டெஸ்டர் என்னிடம் இருக்கிறது. கம்பார் காடியை முதலில் கொண்டு வா. முன்பணம் எதுவும் இப்போதைக்குக் கொடுக்காதே.